பூச்சி மருந்துன்னு சொல்லிடலாம்

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. வாசல் கோலம் நிற்கவில்லை. மேலே போகும் பஸ் லேட். சப்-சென்டரில் இரும்புச்சத்து மாத்திரை தீர்ந்துவிட்டது, கேட்டு எழுத வேண்டும். கயலுக்கு ஜாமெட்ரி பாக்ஸ், மறந்துவிட்டேன்.

வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது முன் சீட்டுக்காரர் போனில் எதையோ சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தார். ஏதோ மீட்டிங் பேச்சு. அதிகாரிக் குரல். "ஓடையில கலந்தது ராக்கெட் எரிபொருள்னு வெளிய போகக் கூடாது. பூச்சி மருந்துன்னு சொல்லிடலாம். தோட்டத்துல அடிச்சது மழையில இறங்கிடுச்சுன்னு." இன்னொரு குரல், தயங்கித் தயங்கி: "பிள்ளைங்களுக்குக் கைத்தோல் உரியுது சார்." முதல் குரல்: "மலை ஜனங்களுக்கு வர்ற சொறிதானே?" யாரோ சிரித்தார்கள்.

பஸ்சே காது கொடுத்தது. பின்னாலிருந்து ஒரு அம்மா: "இன்னாது அது? நம்ம மலையா?"

"நம்ம மலதான். நெல்லிவளவு ஓட. மேல வேலி போட்டுக்கினு வெடிக்கிறானுங்களே, அவனுங்க பேசுறது."

"திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டார். அப்போதுதான் சரியாகக் கேட்டேன். பேசுகிறவர்கள் குரல் எல்லாம் தூரத்தில். ஒரே ஒரு தொண்டைச் செருமல் மட்டும் காதுக்குள்ளேயே. இரண்டு செருமல், ஒரு இழுப்பு.

கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிற செருமல் அது.

கச்சிராயபாளையத்தில் இறங்கி நேரே வீட்டுக்கு நடந்தேன். வீட்டில் இவர் ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். "டீ குடிச்சியா?" என்றார். குடித்தேன் என்றேன். கயல் பக்கத்திலேயே படித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 22, செவ்வாய்

கயல் பள்ளிக்கூடம் போனபின் கேட்டேன். "அந்த ஆடியோ நீங்களா?"

பொய் சொல்லவில்லை. "எப்டித் தெரிஞ்சிது?"

"செருமுறீங்க."

சிரித்தார். பாதியில் நின்றுவிட்டது சிரிப்பு.

நடந்தது இது. போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஹாலில் அதிகாரிகள் கூட்டம். மைக், திரை, புரொஜெக்டர் எல்லாம் நம் வாடகை செட். உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பத்துப் பேர். பத்துப் பேர் பேச மைக் எதற்கு? பெரியவருக்கு மைக் இல்லாமல் பேச வராதாம். மாட்டிக் கொடுத்ததும் இவரை வெளியே போகச் சொன்னார்கள். போனார். மைக் கூய்ய்ய் என்று கத்தியது. கூப்பிட்டார்கள். சரிசெய்தார். மறுபடி வெளியே போகச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை. மூலையில் நின்றவரை ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்த்துவிட்டார்கள். தேசத்தின் இரகசியம் தெருவுக்கு வந்த வழி இவ்வளவுதான்.

"நெல்லிவளவுன்னாங்க. உடனே காது நிமிந்துது. நீதான சொன்ன, பொன்னி பொண்ணுக்குக் கை உரியுதுன்னு. பாக்கெட்ல போன் இருந்துது, அழுத்திட்டேன்."

ஆமாம், நான்தான் சொன்னேன். கோடையில் ஒருநாள், சாப்பிடும்போது. அந்தப் பெண்ணின் உள்ளங்கை வெங்காயச் சருகு மாதிரி வருகிறது, ஓடைப் பக்கம் மேய்ந்த ஆடுகள் செத்தன, டாக்டரிடம் சொன்னேன், டாக்டர் மேலே எழுதினார், பதில் இல்லை என்று. இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டது உள்பட இவருக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அதில் பாதி மறந்துவிட்டது.

யாருக்கு அனுப்பினார்? கள்ளக்குறிச்சி நிருபர் மாணிக்கத்துக்கு. சொந்தமாக யூட்யூப் சேனல் வைத்திருக்கிறார்.

"பேர வெளிய சொல்ல மாட்டேன்னு தலமேல அடிச்சி சத்தியம் பண்ணாரு."

"யாரு தலமேல?" என்றேன்.

ஜூலை 23, புதன்

தடுப்பூசி நாள். நெல்லிவளவு. ஜீப் கிடைத்தது. முகாம் வாசலில் புதிதாக இரண்டு தடுப்பு. போன வருஷம் வந்த முகாம். உள்ளே எதையோ எரித்துப் பார்க்கிறார்கள், மலை அதிரும், அவ்வளவுதான் யாருக்கும் தெரியும். முந்தாநாள் வரை.

பொன்னி மரத்தடியில் காத்திருந்தாள். மகளின் கையைத் தூக்கிக் காட்டினாள், இன்னும் உரிகிறது. "அதுல பேசறவரு எங்க புள்ளைங்களச் சொறின்னாராமே நர்சம்மா? எங்கள வந்து பாத்திருக்காரா அவரு?"

களிம்பு கொடுத்தேன். வேறு என்ன கொடுப்பது?

சாயங்காலம் தம்பி சேகர். பட்டாளத்திலிருந்து லீவு. வடக்கே எல்லையில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்திருக்கிறான். கயலுக்கு உலர்ந்த ஆப்ரிகாட், எனக்கு சால்வை, இவருக்கு ரம். சாப்பிட உட்கார்ந்ததும் அதே பேச்சு.

"யாருன்னு தெரியலக்கா, ஒரு துரோகி. ஓடை மேட்டர சொல்றான், சரி. எந்த நாளு எரிபொருள் லாரி மல ஏறுது, எந்த வழி, எத்தினி பேரு காவலு, அதையும் சேத்துல்ல வுட்டிருக்கான். கையில மாட்டுனான்னா..."

இவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "நான்தான் மாப்ள."

சேகர் என்னைப் பார்த்தான். விளையாட்டு என்று நினைத்தான். பிறகு நினைக்கவில்லை.

"மாமா. நீ மைக் செட்டுக்காரன். பாட்டு வெட்டி ஒட்டறதே உன் தொழிலு. அந்த லாரிப் பேச்ச வெட்டத் தெரியாதா உனக்கு?"

"தெரியும். ஒக்காந்து வெட்டினேன் மாப்ள. வெட்டிட்டுக் கேட்டா, வெட்டுனது கேக்குது. எவனும் 'இது வெட்டி ஒட்டுனது, பொய்யி'ன்னுடுவான். ஓடையும் சேந்து பொய்யாப் பூடும். முழுசா இருந்தாதான் நம்புவாங்க."

"அந்த லாரில நிக்கிறவன் என்ன மாதிரி ஒருத்தன்."

"அந்த ஓடைல குளிக்கிறது கயல் மாதிரி ஒண்ணு."

இரண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சேகர் கை கழுவிவிட்டு ஷூவை மாட்டினான். வாசலில், "அப்படி எல்லாத்தையும் எல்லாரும் தெரிஞ்சிக்கினா நாடே இருக்காதுக்கா." இவர் உள்ளிருந்து, "தெரிஞ்சிக்கவே வுடலன்னா யாருக்குடா நாடு?"

அவனுக்குக் கேட்டதோ என்னவோ. பைக் கிளம்பிவிட்டது.

ஜூலை 24, வியாழன்

வந்துவிட்டார்கள். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சாதாரண உடுப்பில் நாலு பேர், லோக்கல் ஏட்டு ஒருவர். இன்ஸ்பெக்டர் நாற்காலி கேட்டு உட்கார்ந்தார், மரியாதையாகத்தான். போனில் ஆடியோ போட்டார். செருமல் வந்ததும் நிறுத்தினார்.

"இது யாருங்க?"

"சளி புடிச்சவங்க எல்லாரும் இப்டித்தான் சார் செருமுவாங்க. நான் நர்சு."

"உங்க வூட்டுக்காரருக்கு சளி இருக்குதா?"

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டோடு இவர். "நான்தான் சார். அவள வுடுங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "தெரியும். மாணிக்கம் நேத்தே சொல்லிட்டாரு."

"அப்ப என்ன ஏன் கேட்டீங்க?" என்றேன்.

"நீங்க இன்னா சொல்றீங்கன்னு பாக்கத்தாம்மா."

எடுத்துப் போனது: மூன்று போன், லேப்டாப், மிக்சர், பென் டிரைவ் எல்லாம், கயல் பாட்டுப் பழகும் சின்ன ரெகார்டர். பின்கட்டு ஷெட்டுக்கு சீல். உள்ளே ஆம்ப்ளிஃபயர், கூம்பு ஸ்பீக்கர், ஒயர் எல்லாம். ஏட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: "சார், ஞாயித்துக்கெழம எங்க தெரு மாரியம்மனுக்குக் கூழு. இவருதான் மைக்கு." இன்ஸ்பெக்டர் பார்த்த பார்வையில் அவரே சீல் அரக்கை உருக்கினார்.

இந்த டைரியை ஒருவர் புரட்டினார். மாத்திரை, பஸ், ஜாமெட்ரி பாக்ஸ். அதற்குமேல் படிக்காமல் திரும்ப வைத்துவிட்டார்.

தோசை கருகி வீடெல்லாம் புகை. ஜீப்பில் ஏறும்போது இவர் சொன்னது: "அடுப்ப அமத்து."

ஜூலை 25, வெள்ளி

கள்ளக்குறிச்சி கோர்ட். ரிமாண்ட். கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். வேனில் ஏற்றும்போது கம்பி வழியே விரலைத் தொட்டேன், அவ்வளவுதான்.

வக்கீல் ரேவதி. என்னைவிடச் சின்னவள், வேகமாகப் பேசுகிறாள். நான் கேட்டேன்: "அவங்க பொய் சொன்னாங்க. இவரு அத வெளிய சொன்னாரு. இதுல இன்னா குத்தம்?"

"உண்மையா பொய்யாங்கறது இந்த அரசு ரகசியச் சட்டத்துக்குக் கேள்வியே இல்லீங்க. ரகசியமா இல்லியாங்கறதுதான் கேள்வி."

"பொய்ய எப்டி ரகசியம்னுவாங்க?"

"அதத்தாங்க முதல்ல ரகசியமா வெப்பாங்க."

லாரிப் பேச்சு அதில் இல்லாமல் இருந்தால் வழக்கு பாதி கரைந்திருக்கும் என்றாள். அது இருப்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் பசி. வடை வாங்கினேன், சாப்பிட முடியவில்லை, நாய்க்குப் போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

கயல் காலையிலிருந்து அறைக்குள்ளேயே இருந்தாள். மதியம் தானாக வந்து என் பக்கத்தில் படுத்தாள்.

"ரேணுகா அப்பாவோட ஸ்டேட்டஸ்ல நம்ம அப்பா போட்டோ. 'தேசத் துரோகி'ன்னு போட்டு சிவப்புல அடிச்சிருக்காங்க."

"ரேணுகா இன்னா சொன்னா?"

"சாரின்னா. அப்புறம் வேற பெஞ்சுல போய் ஒக்காந்துக்கினா."

தூரத்தில் மாரியம்மன் கூழ். வேறு யாரோ மைக் செட். ட்ரெபிள் ஜாஸ்தி, காது குத்துகிறது. இவர் இருந்திருந்தால் ஓடிப்போய்க் குறைத்துவிட்டு வந்திருப்பார், யார் செட்டாக இருந்தாலும்.

புதிதாக வாங்கிய பட்டன் போனிலிருந்து சேகரைக் கூப்பிட்டேன். "கொஞ்ச நாளைக்குப் பேசாதக்கா. யூனிட்ல கேப்பாங்க. உனக்கும் நல்லதில்ல எனக்கும் நல்லதில்ல." வைத்துவிட்டான். கோபம் வரவில்லை. அது வராததுதான் கோபம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் மண்டை வெடிக்கும்.

ஆடியோவில் சொன்ன நாள் இன்றுதான். தேதியை மாற்றுவார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். மாற்றவில்லை. மலைப்பாதையில், ஒரு கொண்டை ஊசி வளைவில் இளவட்டங்கள் கூடி மறித்திருக்கிறார்கள். கையில் பதாகை, போன், நேரலை. முன்னால் போன லாரி திடீரென்று பிரேக். பின்னால் நின்ற காவல்காரர் ஒருவர் தூக்கியெறியப்பட்டு மதகுக் கல்லில் விழுந்தார்.

பக்கத்தில் இருந்தது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். இன்று என்னை அங்கே ட்யூட்டிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது கதவைத் திறந்து பிடித்தது நான்.

தொடை எலும்பு. டாக்டர் ஊசி போட்டார், நான் கட்டை வைத்துக் கட்டினேன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். திண்டிவனம் பக்கமாம். தமிழ்ப் பிள்ளை. பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கம்மாகிட்ட யாரும் போன் பண்ணிடாதீங்கக்கா. சுகர் இருக்குது அதுக்கு."

பண்ணமாட்டோம் என்றேன். ஆம்புலன்ஸ் வர நேரமாயிற்று. வலியை மறக்கப் பேச்சுக் கொடுத்தான், பாவம். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர். "வூட்டுக்காரரு இன்னாக்கா பண்றாரு?"

"மைக் செட்."

"நல்ல தொழிலுக்கா. எங்கூர்ல தேரு அன்னிக்கு மைக் செட்டு அண்ணன் பின்னாடியேதான் சுத்துவேன்."

உதட்டில் பஞ்சை நனைத்து வைத்தேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், படுத்திருந்தவனைத் தவிர.

ஆம்புலன்ஸ் கிளம்பினபிறகு ஸ்ட்ரெச்சர் விரிப்பை நானே துவைத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. கோமுகி அணைப் பக்கம் கூட்டம், சித்ரான்னம், புதுத் தாலிக் கயிறு. நான் போகவில்லை. கயலைப் பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப்போனாள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி சொல்ல வேண்டும். தெருவில் பேசுகிற ஆள் இப்போது அவள் ஒருத்திதான்.

டி.வி.யில் நேற்றிலிருந்து அந்தப் பையன் கால்தான். ஓடை காணாமல் போய்விட்டது. முந்தாநாள் வரை "மலை மக்களின் கண்ணீர்" என்று போட்ட அதே சேனல், இன்றைக்கு "தேசத்தின் காவலர் படுகாயம்". இரண்டும் உண்மைதான். ஒன்றை வைத்து இன்னொன்றை மூடிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

கடலூர். மனு போட்டுப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர், இந்தப் பக்கம் நான், போனில் பேச வேண்டும். லைன் கரகரப்பு. "எர்த் சரியில்ல" என்றார் முதலில். தொழில் போகாது.

இளைத்திருக்கிறார். சாப்பாடு பரவாயில்லையாம். கயலைக் கேட்டார். ஷெட்டில் எலி வருமே, ஒயரைக் கடிக்குமே என்றார்.

பிறகு நான் சொன்னேன். மறைக்க முடியாது, உள்ளே பேப்பர் வருகிறது.

"படிச்சேன். எந்தக் காலு?"

"வலது."

"நடப்பானா?"

"நடப்பான். ஓட முடியுமான்னு தெரில."

போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். காவலர் தட்டினார், எடுத்தார். திரும்பப் போனை வைத்தபோது கேட்டது இதுதான்: "வெட்டியிருக்கணுமா வசந்தா?"

எவ்வளவோ பதில் யோசித்து வைத்திருந்தேன். வெட்டியிருந்தால் பொய் என்றிருப்பார்கள், நெல்லிவளவுக்கு இப்போது வரும் டாங்கர் தண்ணீர் வந்திருக்காது, பொன்னி மகளின் கை இன்னும் உரிந்துகொண்டிருக்கும். வெட்டாததால் அந்தப் பிள்ளை படுத்திருக்கிறான். தேதியை மாற்றாமல் லாரியை ஏற்றினார்களே, அவர்களை யாரும் கேட்கவில்லை. இதையாவது சொல்லியிருக்கலாம். நேரம் முடிந்தது என்றார்கள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கள்ளக்குறிச்சியில் 'கருத்துச் சுதந்திரப் பாதுகாப்புக் கூட்டம்'. என்னை முன்வரிசையில் உட்காரச் சொன்னார்கள், மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தேன். தூறல். நாற்காலி பாதி காலி.

மாணிக்கம் பேசினார். சால்வை போட்டார்கள். "என் உயிரே போனாலும் எனக்குச் செய்தி தந்தவர் பெயரை இந்த வாய் சொல்லாது!" கைதட்டல். அந்த வாய் எப்போது, யாரிடம் சொன்னது என்று தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். கைதட்டினவர்கள் என் பக்கம் திரும்பி, நீயும் தட்டு என்பதுபோலச் சிரித்தார்கள்.

மைக் நடுநடுவே கூய்ய்.

இறங்கி வந்து என்னைக் கும்பிட்டார். "தங்கச்சி, எனக்கும் புள்ள குட்டி இருக்குது. ஸ்டேஷன்ல இன்னா நடந்துதுன்னு உனக்குத் தெரியாது. ரெண்டு பேரு நின்னுக்கினு, என் பொண்ணு படிக்கிற காலேஜ் பேரச் சொல்றானுங்க."

அடிக்கலாம் என்று போன கை, அந்தக் கண்ணைப் பார்த்ததும் வெறுமனே தொங்கியது. பயந்த கண். ஆனால் சால்வையைக் கழற்றவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மிட்டாய். கயல் பள்ளியில் கொடிப் பாட்டு அவள் பாடுவதாக இருந்தது. வேறு பெண்ணை மாற்றிவிட்டார்கள். டீச்சர் காரணம் சொல்லவில்லை. சொல்லாததால் இவளுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினாள். ஒரு ஆள் கேட்க. நான்.

சாயங்காலம் புது எண்ணிலிருந்து சேகர். "மாமா சாப்புடறாரா?" சாப்பிடுகிறார் என்றேன். "அந்தக் கால் ஒடைஞ்ச பையன், அவன் வூட்டுக்குப் போய்ப் பாத்தேன். மாமாவத் திட்டல அவன். தண்ணி மேட்டரு உண்மையான்னு கேட்டான்."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னேன்." வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 20, புதன்

மாதாந்திரக் கூட்டம். மருந்து இருப்பு, பிரசவம், டெங்கு. கடைசியில் மேலதிகாரி கதவைச் சாத்தச் சொன்னார். மலை வட்டாரத்தில் வேலை செய்யும் சுகாதாரப் பணியாளர் யாரும் தண்ணீரைப் பற்றிப் பொதுமக்களிடமோ பத்திரிகையிடமோ எதுவும் பேசக் கூடாது. பாதுகாப்பு விஷயம்.

எல்லாரும் என்னைப் பார்க்காமல் பார்த்தார்கள். நான் எழுந்தேன்.

"எழுத்துல குடுப்பீங்களா சார்?"

"எழுத்துல எல்லாம் இல்லம்மா. வாய்மொழி."

"யாராச்சும் கேட்டா, பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு சொல்லலாமா?"

"அதையும் சொல்லக் கூடாது."

உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த சீனியர் என் கையை அழுத்தினாள். "வேல போச்சின்னா கயல யாரு பாப்பாங்க? வாய மூடிக்கினு இருடி." நல்ல எண்ணம்தான். எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான்.

ஓடைக்கரையில் பலகை வைத்தாயிற்று. 'நீர் பரிசோதிக்கப்பட்டது. பாதுகாப்பானது. கொதிக்க வைத்து அருந்தவும்.' கொதித்தால் எரிபொருள் போகுமா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். தலையை இடவலமாக ஆட்டினார், வாயைத் திறக்காமல். அவரும் கூட்டத்தில் இருந்தவர்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜாமீன். சென்னையில் வாங்கினாள் ரேவதி. போனில் கத்தினாள். நானும் கத்தினேன். பிறகு நிபந்தனைகளைப் படித்தாள்.

தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. ஊரைவிட்டுப் போகக் கூடாது. வழக்கு சம்பந்தமாக யாரிடமும் எதுவும் பேசக் கூடாது. ஒலிப்பதிவு செய்யும் கருவி எதையும் கையாளக் கூடாது.

"மைக் செட்டு?"

"மிக்சர்ல ரெகார்டிங் பட்டன் இருக்குல்லீங்க. இப்ப வேணாம்."

ஜாமீன்தாரர் தேடியது தனிக் கதை. வருஷா வருஷம் திருவிழாவுக்கு இவரைக் கூப்பிட்ட தர்மகர்த்தா ஊரில் இல்லையாம், உள்ளே செருமிக்கொண்டே ஊரில் இல்லை. கடைசியில் கரும்புக்காரர் ஒருவர் பட்டாவோடு வந்தார். என்றோ அவர் அப்பா சாவுக்கு இவர் காசு கேட்காமல் செட் போட்டாராம். "இன்னா பேசினாரு, இன்னா வுட்டாருன்னெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. எங்கப்பன் சாவ ஊருக்குச் சொன்ன ஆளு அவரு." கும்பிட்டேன்.

செப்டம்பர் 4, வியாழன்

இவர் வீட்டில். ஷேவ் பண்ணிக்கொண்டார். கயல் மடியைவிட்டு இறங்கவில்லை, இவ்வளவு வளர்ந்த பிறகு. பேசச் சொன்னால், "வழக்கு சம்பந்தமா பேசக் கூடாது" என்கிறார். சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று கேட்டாலும் அதே பதில். முதலில் விளையாட்டு என்று சிரித்தோம்.

இப்போது சிரிப்பதில்லை. நேற்று ஒரு நாள் முழுக்க எதுவும் பேசவில்லை. சீல் வைத்த ஷெட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பேப்பரில் செய்தி. பூச்சி மருந்துன்னு சொல்லிடலாம் என்ற அதிகாரி தலைநகரத்துக்குப் போகிறார், பெரிய பதவி. மாலையோடு போட்டோ. இவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். மடித்துக் கொடுத்தார்.

"குரல் கொஞ்சம் கரகரப்பா இருந்தாலும், மைக்ல நல்லாப் பேசுவாரு" என்றார்.

இது வழக்கு சம்பந்தமானதா என்று தெரியவில்லை. ஆனால் பேசினார்.

செப்டம்பர் 10, புதன்

இரவெல்லாம் மழை, காலையில் வெயில். தடுப்பூசி நாள். ஐஸ் பெட்டி எடுத்துக்கொண்டு நெல்லிவளவு. இவர் எனக்கு முன்னாலேயே கையெழுத்துக்குக் கிளம்பிவிட்டார்.

மேலே இன்று மலை அதிரவில்லை. முகாமிலிருந்து வரும் மஃப்டி ஆள் மரத்தடியில் நின்றார். எல்லாப் புதன்கிழமையும் வருகிறார். டாங்கர் லாரியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அது போன வாரத்தோடு நின்றுவிட்டதாம். பாதை சரியில்லையாம்.

பொன்னியின் தங்கை, கைக்குழந்தையோடு. ஒன்பது மாதம், தட்டம்மை ஊசி. குழந்தை அழுது அடங்கியது. அவள் கேழ்வரகுக் கஞ்சி கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள், எடை ஏறியிருக்கிறது, சந்தோஷம்.

"நர்சம்மா, டாங்கரு வர்ல. கொழந்தைக்கு மாவு கரைக்க ஓடத் தண்ணி ஊத்தலாமா? பலகைல கொதிக்க வெச்சா நல்லதுன்னு போட்டிருக்குதாமே?"

மஃப்டி ஆள் திரும்பினார்.

கயலின் பீஸ் ஞாபகம் வந்தது. சீனியர் அழுத்திய கை ஞாபகம் வந்தது. அந்தத் திண்டிவனத்துப் பிள்ளையின் கால். ஒரு வார்த்தை எங்கெங்கே போய் விழும் என்று இப்போது எனக்குத் தெரியும். இந்த வார்த்தையில் லாரி இல்லை, நாள் இல்லை, வழி இல்லை. ஒரு கிண்ணம் கஞ்சி இருந்தது.

"ஊத்தாத," என்றேன். "கொதிக்க வெச்சாலும் ஊத்தாத. குளிப்பாட்டவும் வேணாம். மேற்கால பாறை ஊத்துலேந்து எடு, தூரந்தான், அதுலேந்தே எடு."

"பூச்சி மருந்தா நர்சம்மா?"

"இல்ல. ராக்கெட் எரிபொருள்."

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் கேட்டார்கள். பொன்னி மகளின் கையை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

மஃப்டி ஆள் வந்தார். "உங்க பேரு?"

சொன்னேன். பாக்கெட்டிலிருந்து துண்டுத்தாள் எடுத்து, என் ஐஸ் பெட்டியின்மேலேயே வைத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். வசந்தி என்று எழுதியிருந்தார்.

"தி இல்ல சார், தா" என்றேன். அடித்துவிட்டுத் திருத்தினார்.